00 தடையை எடுத்துவிடலாமா? ஆபீஸ் போனில் வெளிக்கால் அனுமதியும் ரூட்டும்

கேள்வி, 18-01-2021, காலை 10.40

பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் ஆபீஸ் திறந்தோம். திருப்பூர், பனியன் எக்ஸ்போர்ட். ஐபி பிபிஎக்ஸ் (ஆபீஸ் போன்களை எல்லாம் இணைக்கிற சிஸ்டம்), வெளியே போக முதலில் 0 போட வேண்டும். கட்டிங், செக்கிங், செக்யூரிட்டி கேபின் போன்களில் லோக்கலும் மொபைலும் மட்டும் விட்டுவிட்டு, 00-ல் தொடங்குவதை எல்லாம் தடுத்து வைத்திருக்கிறோம். காலையிலிருந்து அந்தப் போன்களில் ஒரு மொபைலுக்கும் போகவில்லை. பழைய மாதிரி போட்டால் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்க்கச் சொல்லி அறிவிப்பு வருகிறது. சேர்த்துப் போட்டால் நம்ம சிஸ்டமே அனுமதி இல்லை என்கிறது. எம்.டி. ரூம் போனில் மட்டும் போகிறது. சிஸ்டத்தை அமைத்துக் கொடுத்தவர் ஊரில் இல்லை. 00 தடையை எடுத்துவிடலாமா சார்?

18-01-2021, காலை 11.15

எடுக்காதீர்கள். எடுத்தால் செக்யூரிட்டி கேபினிலிருந்து மொபைலும் போகும், அமெரிக்காவும் போகும்.

இந்த 15-ம் தேதியிலிருந்து லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் போட 0 கட்டாயம். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2020 மே மாதம் பரிந்துரைத்தது, தொலைத்தொடர்புத் துறை நவம்பரில் உத்தரவு போட்டது. புதிய மொபைல் எண்களுக்கு இடம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. இதனால் சுமார் 254 கோடி எண்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்பது டிராய் கணக்கு. உங்கள் பிஆர்ஐ, சிப் ட்ரங்க் (ஆபீஸுக்கு வெளிலைன் தருகிற இணைப்புகள்) எல்லாம் லேண்ட்லைன் கணக்கில்தான் வரும். உத்தரவு அமலுக்கு வந்த நாள் பொங்கல் விடுமுறையில் மாட்டியதால் இன்றைக்கு ஊர் முழுக்க இதே கூத்து. காலையிலிருந்து எனக்கு வருகிற போன் எல்லாம் இதுதான். எல்லாம் மொபைலிலிருந்து வருகிறது, அதனால் வந்து சேர்கிறது.

உங்கள் முதல் 0 ஆபீஸுடையது, வெளிலைன் பிடிக்க; சிஸ்டம் அதை வெட்டிவிட்டு மீதியைத்தான் வெளியே அனுப்பும். இரண்டாவது 0 அரசாங்கத்துடையது. சிஸ்டத்துக்கு இரண்டும் ஒன்றாக 00 என்று தெரிகிறது. அந்தத் தடையை எழுதியவர் எஸ்டிடியை (வெளியூர் கால்) மனதில் வைத்து எழுதியிருப்பார்: லைன் 0, பிறகு 0422 என்று வந்தால் 00. ஐஎஸ்டி (வெளிநாட்டு கால்) என்றால் 000. 00 என்று ஒரே வரி எழுதினால் இரண்டும் அதில் விழுந்துவிடும். அப்போது மொபைலுக்கு 0 தேவைப்படவில்லை, அதனால் அது தப்பித்தது. இப்போது மொபைலும் எஸ்டிடி உருவத்துக்கு மாறிவிட்டது.

18-01-2021, மதியம் 12.05

செய்ய வேண்டியதைச் சொல்லாமல் கதை சொல்லிவிட்டு சாப்பிடப் போனேன். இதோ.

தடைப் பட்டியலை ஒட்டுப் போட்டுத் திருத்த வேண்டாம். அந்தப் போன்களுக்கு எது போகலாம் என்று மட்டும் எழுதுங்கள். லைன் 0-க்குப் பிறகு: ஏழு இலக்க லோக்கல் எண், அல்லது 0, அடுத்து 6 முதல் 9-க்குள் ஒரு இலக்கம், அதற்கடுத்து ஒன்பது இலக்கம். இந்த இரண்டையும் எழுதி முடித்த பிறகு 00 தடையைத் தூக்கிவிட்டு, இரண்டும் வேலை செய்கிறதா என்று அடித்துப் பாருங்கள். மற்ற எதற்கும் ரூட்டே (எந்த எண் எந்த லைனில் போகட்டும் என்கிற வரி) எழுதாதீர்கள். ரூட் இல்லாத எண்ணுக்குத் தனியாகத் தடை தேவையில்லை.

ஆஸ்டெரிஸ்க் (பிபிஎக்ஸ் மென்பொருள்) வகை என்றால், விதி எழுதும்போது எக்ஸ் எந்த இலக்கமும், இசட் 1 முதல் 9, என் 2 முதல் 9. சதுர அடைப்புக்குள் 6-9 என்று நீங்களே எல்லை போடலாம். கடைசியில் புள்ளி வைத்தால் அதற்கு மேல் எத்தனை இலக்கம் வந்தாலும் சரி என்று அர்த்தம். "0, புள்ளி" என்று சோம்பேறித்தனமாக எழுதினால் ஐஎஸ்டியும் அதற்குள் அடங்கிவிடும். நான் போய்ப் பார்க்கிற ஆபீஸ்களில் இந்தப் புள்ளிதான் முதலில் கண்ணில் படும்.

19-01-2021

கீழே ஒருவர் "எங்கள் பானசோனிக் பழைய பெட்டி, எதையும் மாற்றவில்லை, மொபைல் போகிறது, நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். உங்களுக்கு 0 அடித்ததும் இரண்டாவது முறை டயல்டோன் வருகிறதா? வந்தால் அது எக்ஸ்சேஞ்ச் கொடுக்கிற டோன். அந்தப் பெட்டி 0-வை வாங்கிக்கொண்டு லைனைக் கையில் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு வருகிற இலக்கங்களைத்தான் தடைப் பட்டியலோடு ஒப்பிடும். அங்கே 00 என்று எழுதியிருந்தால் அது நிஜமாகவே ஐஎஸ்டிதான். ஐபி பிபிஎக்ஸில் முழு எண்ணும் ஒரே கட்டாக வந்து சேர்ந்த பிறகுதான் பொருத்திப் பார்க்கும். கேள்வி கேட்டவருடையது அந்த ரகம். உங்கள் பெட்டியில் 0-வையே தடுத்து எஸ்டிடியை நிறுத்தியிருந்தால் உங்களுக்கும் அடைத்திருக்கும்.

20-01-2021

கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார். "எப்படியும் எல்லாரும் 0 போடத்தான் வேண்டும், அதனால் அந்த ஒரே 0 இரண்டுக்கும் போதும் என்று, முதல் 0-வை வெட்டுவதை நிறுத்திவிட்டேன். இப்போது 098 என்று போட்டாலே போகிறது. நல்ல யோசனைதானே?"

யோசனை மோசமில்லை. ஆனால் கை பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் ஆட்கள் வருஷக் கணக்காக முதலில் ஒரு 0 தட்டிவிட்டுத்தான் எண்ணைப் பார்ப்பார்கள். இப்போது டைரியிலும் மொபைல் எண்ணுக்கு முன் 0 எழுதி வைத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் 00 98... என்று அப்படியே ட்ரங்குக்குப் போகும். அங்கே 00 என்றால் ஐஎஸ்டி, அடுத்து வருவது நாட்டு எண். 98 ஈரான். 94 இலங்கை. 95 மியான்மர். 90 துருக்கி. 81 ஜப்பான், 86 சீனா. நம் மொபைல் எண்களின் முதல் இரண்டு இலக்கத்தை நாட்டு எண்ணாகப் படித்தால் ஆசியா முழுக்க ஒரு சுற்று வரலாம்.

கட்டிங் போன்களில் இது நடக்காது, அங்கே 00-க்கு ரூட் இல்லை. மெர்ச்சண்டைசிங் (வெளிநாட்டில் வாங்குகிறவர்களோடு பேசுகிற பிரிவு) போன்களில் ஐஎஸ்டி திறந்திருக்கிறது, அங்கேதான் ஓடும். சிஸ்டம் எதுவும் சொல்லாது. அனுமதி இருக்கிறதே.

20-01-2021, இரவு

நம்பாமல் லாக் அனுப்பியிருக்கிறார், நல்லது. மதியம் 3.12-க்கு ஒரு வரி: வெளியே போன எண் 009443 என்று ஆரம்பிக்கிறது. கூப்பிட நினைத்தது சாயப்பட்டறைக்காரரை. லைன் தேடிப் போனது இலங்கையை. இலக்கம் ஒன்று குறைவதால் கால் விழவில்லை. இவர் "லைன் கிடைக்கவில்லை" என்று திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்.

பெரும்பாலும் இப்படித்தான், இலக்கம் பற்றாமல் செத்துவிடும். ஆனால் 960-ல் தொடங்கும் மொபைல் எண்ணை நினைத்துப் பாருங்கள். 00960 என்றால் மாலத்தீவு. அங்கே எண்ணே ஏழு இலக்கம்தான். 960 போக மீதி ஏழு. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்துவிடும், அங்கே யாராவது எடுத்துப் பேசவும் பேசலாம்.

முதல் 0-வைத் திரும்ப வெட்டச் சொல்லுங்கள். வெட்டவே வேண்டாம் என்றால், மெர்ச்சண்டைசிங்கில் 00-ஐ முழுசாகத் திறக்காமல் நாடு நாடாக எழுதுங்கள். எப்படியும் அதைத்தான் செய்ய வேண்டும், அது பற்றி நாளைக்கு.

21-01-2021

நாளைக்கு என்றேன், அதற்குள் பெங்களூரிலிருந்து ஒருவர் என் விதியில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டார். "0, அடுத்து 6-9, அடுத்து ஒன்பது இலக்கம் என்றால் மொபைல் என்கிறீர்கள். 080 போட்டு எங்கள் ஊர் லேண்ட்லைனுக்கு அடித்தாலும் அதே உருவம்தானே?"

அதே உருவம்தான். ஏரியா கோடையும் சேர்த்தால் இந்தியாவில் எல்லா எண்ணும் பத்து இலக்கம். 80 பெங்களூர், 79 அகமதாபாத், 821 மைசூர். 80-ல் தொடங்கும் மொபைலும் தமிழ்நாட்டில் தாராளமாக இருக்கிறது. ஆகவே "மொபைல் மட்டும்" என்று நான் எழுதிக் கொடுத்த விதி, மொபைலோடு கொஞ்சம் எஸ்டிடி. அடுத்தடுத்த இலக்கங்களைப் பார்த்துப் பிரிக்கலாம். நான் பிரிக்க மாட்டேன். எதற்கு? எஸ்டிடிக்குத் தனிக் கட்டணம் இருந்த காலத்தில் அந்தத் தடைக்கு அர்த்தம் இருந்தது. இன்றைக்குப் பெரும்பாலான பிளான்களில் சென்னைக்கும் பெங்களூருக்கும் பக்கத்துத் தெருவுக்கும் ஒரே காசு. எஸ்டிடி தடை என்பது பழைய பில்லின் ஆவி. இதைச் சொன்னால் அக்கவுண்ட்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தனிக்கதை.

ஒரு சாதாரண ஆபீஸுக்கு மூன்று நிலை போதும்: உள்ளுக்குள் மட்டும், இந்தியா முழுக்க, வெளிநாடு. அவாயா கம்பெனி சிஸ்டத்தில் எஃப்ஆர்எல் என்று 0 முதல் 7 வரை எட்டு நிலை கொடுத்திருக்கிறார்கள். ரூட்டுக்கு ஒரு எண், போனுக்கு ஒரு எண், போனுடையது சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் போகும். எட்டையும் அர்த்தத்தோடு பயன்படுத்துகிற ஆபீஸை நான் இதுவரை பார்க்கவில்லை. எட்டு நிலை இருக்கிறதே என்று எட்டையும் நிரப்பி, அஞ்சுக்கும் ஆறுக்கும் என்ன வித்தியாசம் என்று யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

22-01-2021

முன்பு 95 போட்டுப் பேசினோமே என்று கேட்டவருக்கு. ஆமாம், ஒரு காலத்தில் மாநிலத்துக்குள்ளே பேச 0-க்குப் பதிலாக 95 போட்டோம். கோவைக்கு என்றால் 95422. அதை எடுத்து எவ்வளவோ நாளாகிவிட்டது, ஆனால் பெட்டிகளுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு மில்லில் கேட் போனிலிருந்து சூப்பர்வைசர் ஒருவருக்கு மட்டும் கால் போகும், வேறு எந்த மொபைலுக்கும் போகாது. ஏதோ செட்டிங் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று அவர் மேல் எல்லாருக்கும் சந்தேகம். அவர் எண் 95-ல் தொடங்கியது, அவ்வளவுதான். பழைய அனுமதி வரி அவரை உள்ளூர் எஸ்டிடி என்று நினைத்து விட்டுக்கொண்டிருந்தது.

தடை என்றதும் டயலில் பூட்டுப் போட்ட கறுப்பு போன் ஞாபகம் வருகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்தப் பூட்டைத் திறக்காமலே ஹூக்கைத் தட்டித் தட்டி எண் போடுவார்கள். 4-க்கு நாலு தட்டு, 0-க்குப் பத்து. டயல் செய்வதும் லைனைத் துண்டித்துத் துண்டித்து விடுவதுதான், ஆகவே எக்ஸ்சேஞ்சுக்கு வித்தியாசமே தெரியாது.

23-01-2021

சொன்ன ஐஎஸ்டி.

"வெளிநாடு" என்று ஒரே நிலையாகத் திறக்காதீர்கள். உங்கள் பையர்கள் (வாங்குகிறவர்கள்) எந்த நாட்டில் இருக்கிறார்களோ அவை மட்டும்: ஜெர்மனி 49, பிரிட்டன் 44, பிரான்ஸ் 33, ஸ்பெயின் 34. அமெரிக்கா 1 என்று எழுதும்போது கவனம். 1 அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. கனடாவும் கரீபியன் தீவுகள் பலவும் அதே 1-க்குள் இருக்கின்றன. 1-க்கு அடுத்து 876 என்றால் ஜமைக்கா, 809 என்றால் டொமினிகன் குடியரசு. அங்கே போகிற காலின் ரேட் அமெரிக்க ரேட்டாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நியூயார்க் பையர் ஒருவர்தான் என்றால் அந்த ஊர் ஏரியா கோடான 212-ஐயும் அவர் மொபைலின் ஏரியா கோடையும் எழுதினால் போதும்.

நேரத் தடை பற்றி. ஏழு மணிக்கு மேல் ஐஎஸ்டி மூடு என்று எல்லாரும் ஒரே மாதிரி போடுகிறார்கள். திருப்பூரில் அது நடக்குமா? கோடையில் இங்கே இரவு 9.30 என்றால் நியூயார்க்கில் மதியம் 12. மெர்ச்சண்டைசர் அந்த நேரத்தில்தான் பேசியாக வேண்டும். நேரத் தடை ஞாயிற்றுக்கிழமைக்குப் போடுங்கள். திருட்டுக் கால்கள் வருவதும் ஆள் இல்லாத நேரத்தில்தான்.

ஒரே நேரத்தில் எத்தனை ஐஎஸ்டி கால் போகலாம் என்று ட்ரங்கில் எல்லை வைக்க முடிந்தால் வையுங்கள். இரண்டு மெர்ச்சண்டைசர் பேசுகிற ஆபீஸுக்கு முப்பது சேனலும் வெளிநாட்டுக்குத் திறந்திருக்க வேண்டியதில்லை.

23-01-2021, சாயங்காலம்

ஐஎஸ்டிக்கு ஆளுக்கு ஒரு ரகசிய எண், பின் கோட், போடலாமே என்கிறார் ஒருவர். போடலாம். மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கும்.

27-01-2021

இத்தனை எழுதிய பிறகும் கேட்டவர் கேட்காத ஒன்றை நானே கேட்கிறேன். உங்கள் எக்ஸ்டென்ஷன் எண்கள் எதிலிருந்து ஆரம்பிக்கின்றன?

"101-லிருந்து." நினைத்தேன்.

101 தீயணைப்பு. 100 போலீஸ். 108 ஆம்புலன்ஸ். உங்கள் ஆபீஸில் 108 யார்? அக்கவுண்ட்ஸ் என்கிறார். செக்கிங்கில் ஒரு அம்மா மயங்கி விழுந்தால் பக்கத்தில் நிற்கிற பெண் பதற்றத்தில் 0 போட மாட்டார். நேராக 108 அடிப்பார், அக்கவுண்ட்ஸில் மணி அடிக்கும். சாப்பாட்டு நேரமாக இருந்தால் அதுவும் எடுக்க ஆள் இருக்காது.

அமெரிக்காவில் இதற்காகவே சட்டம் வந்தது. 2013-ல் டெக்சாஸில் ஒரு ஹோட்டல் அறையில் ஒரு தாய் கொலைசெய்யப்படுகிறார். ஒன்பது வயது மகள் திரும்பத் திரும்ப 911 அடிக்கிறாள், போகவில்லை. வெளியே போக முதலில் இன்னொரு 9 போட வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அந்தத் தாயின் பெயரில் கேரி சட்டம் 2018-ல் வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அங்கே போடுகிற எந்த சிஸ்டத்திலும் 911 முன்னொட்டு இல்லாமல் போக வேண்டும்.

ஆகவே 100, 101, 108, 112 நான்கும் ரூட் பட்டியலில் முதல் வரி. 0 போட்டாலும் போக வேண்டும், போடாவிட்டாலும் போக வேண்டும். எந்தப் போனிலிருந்தும், பூட்டிய லாபி போனிலிருந்தும். அனுமதி நிலை இதற்குக் கிடையாது. எக்ஸ்டென்ஷன்களை 201-லிருந்து தொடங்கும்படி மாற்றுங்கள். விசிட்டிங் கார்டு மாற்ற வேண்டும் என்று எம்.டி. முனகினால் முனகட்டும்.

28-01-2021

ரூட்களை எழுதுகிற வரிசை முக்கியமா இல்லையா என்று நேற்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. வெறும் ஆஸ்டெரிஸ்கில் ஒரு கான்டெக்ஸ்டுக்குள் (வரிகளின் ஒரு தொகுப்பு) எந்த வரியை முதலில் எழுதினாலும், எண்ணுக்கு அதிகம் குறிப்பாகப் பொருந்துகிற வரிதான் ஜெயிக்கும். ஆஸ்டெரிஸ்குக்குத் திரை வைத்துக் கொடுக்கிற ஃப்ரீபிபிஎக்ஸில் ஒவ்வொரு ரூட்டும் தனி. மேலிருந்து கீழே பார்த்து முதலில் பொருந்தியதை எடுத்துக்கொள்ளும். ஒருவர் கையால் எழுதுகிறவர், இன்னொருவர் திரையில் இழுத்து வைக்கிறவர்.

ட்ரங்க் மாறுவதும் இதோடு. முதல் ட்ரங்க் நிரம்பியிருந்தாலோ செத்திருந்தாலோ அடுத்ததற்குப் போகட்டும். எதிராளி பிஸி என்றால் போகக் கூடாது. இரண்டாவது வழியாகப் போனாலும் அவர் பிஸிதான்.

யார் போகலாம் என்பது ஒரு பட்டியல், எந்த வழியில் போகட்டும் என்பது இன்னொரு பட்டியல். இரண்டையும் ஒரே வரியில் பின்னி வைத்த ஆபீஸில் ட்ரங்க் மாற்றினால் அனுமதி உடையும். உங்கள் 00 வரி உடைந்ததும் அப்படித்தான்: எண் போடும் முறை மாறியது, யார் யாரைக் கூப்பிடலாம் என்பது மாறவில்லை, ஆனால் உடைந்தது அனுமதி.

09-02-2021

கேட்டவர்: "எல்லாம் செய்தாகிவிட்டது சார். ஆனால் பில்லில் லாபி எக்ஸ்டென்ஷனிலிருந்து லண்டன் கால் இருக்கிறது."

இரண்டு வழி. ஒன்று, மெர்ச்சண்டைசரிடம் "அக்கா, கொஞ்சம் கனெக்ட் பண்ணிக் கொடுங்க" என்று வாங்குவது. போட்டது அவர், பேசியது இவர். இதைச் சிஸ்டத்தில் அடைக்கலாம், அடைத்தால் ஆபரேட்டர் வேலையும் நின்றுவிடும். விட்டுவிடுங்கள், அந்த அக்காவிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, கால் ஃபார்வர்டு. லாபி போனை வெளி எண்ணுக்குத் திருப்பி வைத்துவிட்டு, உள்ளே வேறு போனிலிருந்து லாபியைக் கூப்பிடுவது. சில சிஸ்டங்களில் திருப்பப்பட்ட கால் லாபியின் அனுமதியில் போகும், சிலவற்றில் கூப்பிட்டவர் அனுமதியில், சிலவற்றில் யார் அனுமதியும் பார்க்காமல். உங்களுடையது எது என்று மேனுவலைப் படிப்பதைவிட அடித்துப் பார்ப்பது சுலபம். லாபியில் கால் ஃபார்வர்டையே மூடுங்கள். லாபி போனுக்கு வருகிற காலை எடுத்துச் சுற்றிக்கொண்டு அலைய வேண்டிய ஆள் யாரும் இல்லை.

11-02-2021

இரண்டாவதுதானாம். யார் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

14-08-2022

பழைய இழையைக் கிளப்புகிறேன். வேறு ஒரு ஆபீஸில் பார்த்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்காக சிப் போர்ட்டை (போன்கள் சிஸ்டத்துக்குள் வருகிற வாசல்) இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். எக்ஸ்டென்ஷன் 205, பாஸ்வேர்டும் 205. ஞாயிறு அதிகாலை லாகில் ஒரே வெளிநாட்டு எண். முன்னால் மட்டும் மாறுகிறது: 00, 000, 900, 9011 என்று ஒவ்வொன்றாக. வெளிலைனுக்கு இந்த ஆபீஸில் என்ன போடுவார்கள் என்று அந்தப் பக்கத்து மெஷின் தேடுகிறது. ஒரு முன்னொட்டு பொருந்தினால் போதும், திங்கள் காலை வரை ஓட்டிவிடும். 205-க்கு வெளிநாட்டு அனுமதி இல்லாததால் எல்லாம் சுவரில் முட்டி நின்றது. பாஸ்வேர்டை மாற்றினோம், போர்ட்டை மூடி விபிஎன் போட்டோம்.

03-03-2023

கேட்டவர்தான்: "பேங்க் டோல்ஃப்ரீ 1800 எண் எந்தப் போனிலும் போகவில்லை."

அனுமதிப் பட்டியலில் எழுதவில்லை, அதனால் போகவில்லை. லைன் 0 போக, 1800-க்கு முன்னால் வேறு 0 கிடையாது. பெரும்பாலும் 1800-ஓடு சேர்த்துப் பதினொரு இலக்கம், ஆனால் சில பேங்க்கில் 1800-க்குப் பிறகு நாலே இலக்கம்தான். ஆகவே இந்த ஒரு இடத்தில் மட்டும் 1800, புள்ளி என்று எழுதுங்கள், திட்ட மாட்டேன். 1930-ஐயும் சேருங்கள், பேங்க் மோசடிக்குப் புகார் சொல்கிற எண் அதுதான். 1860 கேட்டால், அது இலவசம் இல்லை, காலுக்கான காசு உங்கள் பில்லில் வரும். வேண்டுமா என்று அக்கவுண்ட்ஸ்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எக்ஸ்டென்ஷன் இப்போது 208.